தீவுக்குப் பட்டா யார் பேரில்?

2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சபேலோ என்கிற சின்னத் தீவில் எவ்வளவு பெரிய வீடு கட்டலாம் என்பது பற்றிய வழக்கு. கவுண்ட்டி நிர்வாகம் மாற்றிய விதியை எதிர்த்து வாக்கெடுப்பு கேட்க மக்களுக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். நான் வாங்குகிற நாளேட்டில் இதற்கு ஒரு வரி இடமில்லை. அமெரிக்காவில் எவனோ சதுர அடிக்கு வழக்காடினால் நமக்கென்ன என்று நீங்களும் கேட்கலாம். வழக்காடியவர்கள் அந்தத் தீவில் அடிமைகளாக இறக்கப்பட்டவர்களின் பிள்ளைகளின் பிள்ளைகள். அவர்கள் கையில் மிஞ்சியிருக்கிற கடைசிக் கொஞ்சம் நிலத்தைப் பற்றியது இந்தச் சதுர அடி. அதனால் இந்த இதழின் தலையங்கத்தை அந்தத் தீவுக்குக் கொடுக்கிறோம்.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், இரண்டு கரோலினா மாநிலங்களிலிருந்து ஃபுளோரிடா வரைக்கும், கரையை ஒட்டி வரிசையாகத் தீவுகள் கிடக்கின்றன. தடுப்புத் தீவுகள் என்கிறார்கள். கடலின் அடியை முதலில் தாங்கிக்கொள்பவை இவை. அலை கொண்டுவந்து போட்ட மணல்தான் இவற்றின் உடம்பு. அலை கொடுத்ததை அலையே எடுக்கும். பல தீவுகளில் வடக்கு முனையைக் கடல் தின்றுகொண்டே இருக்கும், தெற்கு முனையில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும். தீவே மெதுவாக நகர்கிறது என்று சொல்லலாம். தீவுக்கும் கரைக்கும் நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புச் சதுப்பு. ஜார்ஜியா கரையில் கடல் ஏழெட்டு அடி ஏறி வற்றும். ஏறும்போது புல்லின் நுனி மட்டும் தெரியும். வற்றினால் கருஞ்சேறு, சிப்பிப் பாறை, ஓடித் திரியும் நண்டு. தீவின் உள்ளே போனால் நூற்றாண்டு கண்ட ஓக் மரங்கள், கிளைகளில் நரைத்த சடை மாதிரித் தொங்கும் பாசி. கடல்பக்கத்து மணலில் ஆமை வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும்.

அழகுதான். யார் இல்லையென்றார்கள்? சுற்றுலா விளம்பரக்காரர்கள் இதை 'மனிதக் கை படாத அழகு' என்று விற்கிறார்கள். கை படாதது, தீண்டப்படாதது என்ற சொற்களைக் கேட்டாலே நமக்குக் காது விடைத்துக்கொள்ளும். நம்ம கவிஞர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடலைப் பாடினால் நிலா இருக்கும், நுரை இருக்கும், காதலி இருப்பாள், வலை இழுக்கிறவன் மட்டும் இருக்கமாட்டான். சபேலோவில் சிப்பி ஓடுகளை வளையமாகக் குவித்துவைத்த பூர்வகுடிகளின் மேடுகளுக்குச் சுமார் 4,000 வயது. அப்புறம் வந்த வெள்ளைப் பண்ணையார்களின் சர்க்கரை ஆலையும் மாளிகையும் எதனால் கட்டப்பட்டன? சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலும் ஓடும் கலந்து அச்சில் ஊற்றிய சுவர்கள். சிப்பியைச் சுமந்தது, சுட்டது, குழைத்தது எல்லாம் ஆப்பிரிக்க அடிமைகளின் கை. கை படாத இடம் எது அங்கே? கை பட்டவனுக்குக் கால் வைக்க இடமில்லை என்பதுதான் விசயம். 1950 வரைக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பர்கள் போய்க் காலை நனைக்க ஒரு பொதுக் கடற்கரை கிடையாது. ஜெக்கில் தீவின் தென்முனையில் ஒதுக்கிக் கொடுத்ததுதான் முதல் கடற்கரை. அதே ஜெக்கிலில்தான் 1858ல், அடிமைகளை இறக்குமதி செய்வதற்குத் தடை வந்து ஐம்பது வருசம் ஆன பிறகு, 'வாண்டரர்' என்ற கப்பல் சுமார் 400 பேரைக் கள்ளத்தனமாக இறக்கியது. அடிமையாக இறங்குவதற்குக் கரை திறந்திருந்தது. குளிப்பதற்கு மூடியிருந்தது.

இந்த மக்களுக்கு கல்லா என்றும் கீச்சி என்றும் பெயர். தெற்குக் கரோலினா பக்கம் கல்லா, ஜார்ஜியா பக்கம் கீச்சி. (நம்ம ஊரில் கல்லா என்றால் ஒன்று பணப்பெட்டி, இல்லையென்றால் படிக்காதவன். அவர்களிடம் முதலாவது இல்லை, இரண்டாவது என்று சொல்லித்தான் ஒதுக்கினார்கள்.) ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து, நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்காகவே தேடிப் பிடித்து வரப்பட்டவர்கள் இவர்களில் பலர். சதுப்பில் வரப்புப் போட்டு, கடல் ஏறி வற்றுவதைக் கணக்குப் பண்ணி மதகு திறந்து மூடி நெல் விளைவித்த அறிவு அவர்களுடையது. பணம் வெள்ளையனுக்கு. பண்ணையார்களும் கோடையில் காய்ச்சலுக்குப் பயந்து தீவைவிட்டு ஓடிவிடுவார்கள். அந்த ஓட்டத்தால் ஒரு நன்மை விளைந்தது. எசமான் இல்லாத தீவில் மொழி பிழைத்துக்கொண்டது. இங்கிலீசும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து தனி மொழியானது. அதை 'உடைந்த இங்கிலீசு' என்று படித்தவர்கள் கேலி பேசிக்கொண்டிருந்த காலத்தில், லாரன்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் தீவு தீவாக அலைந்து ஒலிப்பதிவு செய்து, 1949ல் புத்தகம் போட்டார். ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களும் பெயர்களும் அதில் இருந்தன. சேரித் தமிழைக் கொச்சை என்று சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்ற முறையில் டர்னர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

டர்னர் பதிவு செய்தவற்றில் ஒரு பாட்டு உண்டு. சபேலோவுக்கு எதிரே, அதே கவுண்ட்டியின் கரையோரத்தில் இருந்த ஹாரிஸ் நெக் என்ற ஊரின் அமெலியா டாவ்லி பாடியது. அர்த்தம் அவருக்கே தெரியாது, பாட்டி சொல்லிக்கொடுத்த ஒலி அவ்வளவுதான். அறுபது வருசத்துக்குப் பிறகு ஆய்வாளர்கள் அதை சியரா லியோனில் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பெண்ணுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. மெண்டே மொழியில் சாவுச்சடங்குப் பாட்டு. 1997ல் அமெலியாவின் மகள் மேரி மோரன் அங்கே போனார். கடல் நடுவில் இருந்தும் இரண்டு பக்கமும் பெண்கள் வாய்வழியாகவே ஒரு ஒப்பாரியைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். எங்க ஆயா ஒப்பாரியை ஒருத்தரும் பதிவு செய்யவில்லை. சரி, அது வேற கதை.

சபேலோவுக்கு வருவோம். 1802க்குப் பிறகு தாமஸ் ஸ்பால்டிங் என்ற பண்ணையாரின் கையில் இருந்த தீவு. அங்கே வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்த அடிமையின் பெயர் பிலாலி முகமது. இன்றைய கினி நாட்டிலிருந்து வந்த முஸ்லிம். அரபியில் எழுதத் தெரிந்தவர். அவர் விட்டுப்போன பதின்மூன்று பக்கக் கையெழுத்தைப் பல வருசம் டைரி என்றும் பண்ணைக் கணக்கு என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். படித்துப் பார்த்தால், இஸ்லாமியச் சட்ட நூல் ஒன்றிலிருந்து நினைவில் வைத்து எழுதிய பகுதிகள். அடிமை எழுதினால் கணக்குத்தான் எழுதுவான் என்று நினைக்கிற புத்தி இருக்கே, அது நமக்குப் புதுசா என்ன? அவர் வம்சத்தார் பிறகு கிறித்தவர்களானார்கள். ஆனாலும் கிழக்குப் பார்த்துத்தான் தொழுதார்கள். அரிசி மாவில் தேன் சேர்த்துப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உருண்டைக்கு 'சரக்கா' என்று பெயர். சதக்கா என்ற அரபுச் சொல் நாக்கில் தேய்ந்து அப்படியானது.

உரலும் உலக்கையும் அவர்களுக்கும் உண்டு. நெல் புடைக்கிற முறமும் உண்டு. வட்டமாக, தாழம்பூ நிறத்தில், கடலோரத்து வாசனைப் புல்லைச் சுற்றிச் சுற்றித் தைத்தது. படம் பார்த்தபோது ஆயா கை ஞாபகம் வந்தது. வீச்சுவலையைக் கையாலேயே பின்னுவார்கள். ஆவி அண்டாமல் இருக்கக் கதவுக்கும் சன்னலுக்கும் நீலம் பூசுவார்கள். 'ரிங் ஷவுட்' என்று ஒரு வழிபாட்டு ஆட்டம். இடப்பக்கமாகச் சுற்றி வருவார்கள், கால் மேல் கால் மாறாது. கால் மாறினால் நடனமாகிவிடும், நடனம் தேவாலயத்தில் பாவம். தாளத்துக்குக் கம்பால் பலகைத் தரையை இடிப்பார்கள். ஏன் கம்பு? 1739ல் தெற்குக் கரோலினாவில் அடிமைகள் முரசடித்துக் கிளம்பினார்கள். அடுத்த வருசமே சட்டம் போட்டு முரசைத் தடை செய்தது வெள்ளை அரசு. நமக்குப் பறை அடிப்பதைக் கட்டாயமாக்கினார்கள், அவர்களுக்கு முரசைப் பிடுங்கினார்கள். இரண்டும் ஒரே மூளையில் உதித்தவை. அவர்கள் தரையையே முரசாக்கிக்கொண்டார்கள்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. கடன் பிரிவில் உட்கார்ந்து பத்திரம் பார்ப்பது என் பிழைப்பு. அதனால் இந்தக் கதையில் எனக்கு நன்றாகப் புரிந்த பகுதி இதுதான்.

உள்நாட்டுப் போர் முடியப் போகும் நேரம். 1865 சனவரி 12 அன்று சவானா நகரத்தில் தளபதி ஷெர்மன் கறுப்பின மதகுருமார் இருபது பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். விடுதலை பெற்ற உங்களுக்கு என்ன வேண்டும்? காரிசன் ஃப்ரேசியர் என்ற முதியவர் எல்லோருக்காகவும் பதில் சொன்னார். நிலம் வேண்டும், எங்கள் உழைப்பில் நாங்களே உழுது பிழைப்போம். வெள்ளையரோடு கலந்து இருப்பீர்களா, தனியாக இருப்பீர்களா என்றதற்கு, தனியாக என்றார். 1942ல் நாகபுரி மாநாட்டில் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று அண்ணலின் முன்னிலையில் தீர்மானம் போட்டோமே, அதைப் படித்தவர்களுக்கு அந்த முதியவரின் பதில் அந்நியமாக இருக்காது. நாலாம் நாள், சனவரி 16 அன்று, ஆணை வந்தது. சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே உள்ள தீவுகளும் கரையோர நெல் வயல்களும் விடுதலை பெற்றவர்களுக்கு. குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். சபேலோவிலும் பக்கத்து செயின்ட் கேத்தரின்ஸ் தீவிலும் டூனிஸ் கேம்ப்பெல் என்ற கறுப்பினத் தலைவர் பள்ளிக்கூடம் வைத்து, சொந்த ஆட்சியே நடத்தினார்.

லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருசம் முடிவதற்குள்ளேயே நிலத்தைப் பழைய பண்ணையார்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். போரில் தோற்றவனுக்கு நிலம், அடிமையாக இருந்தவனுக்குக் கூலி ஒப்பந்தம். கேம்ப்பெல் தீவிலிருந்து விரட்டப்பட்டார். கரைக்குப் போய் மாநில செனட்டர் ஆனார். விடுவார்களா? அறுபது வயது தாண்டிய அவரைக் கைதிகள் கூலிப்படையில் சேர்த்து வேலை வாங்கினார்கள். 1873ல் மகாத்மா ஃபுலே 'குலாம்கிரி'யை, கறுப்பின அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். இங்கேயும் அப்படி ஒரு விடுதலை வராதா என்ற ஏக்கம் அது. விடுதலையைக் கொடுத்த கை நிலத்தைப் பிடுங்கி எட்டு வருசம் ஆகியிருந்தது. 1892ல் நமக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் என்ன ஆனது என்று தெரிந்தவர்களுக்கு நான் மேலே விளக்கத் தேவையில்லை. அதைக் கேட்டதற்கு 1994ல் செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு நடந்தது.

ஆனாலும் அவர்கள் வாங்கினார்கள். கொடுத்ததைப் பிடுங்கினால் என்ன, காசு சேர்த்து வாங்குவோம் என்று வாங்கினார்கள். சபேலோவின் ரக்கூன் பிளஃப் பகுதியில் 1871ல் மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து சுமார் 1,000 ஏக்கர் வாங்கி மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அடிமைத்தளை கழன்று ஆறே வருசத்தில். தேவாலயம், பள்ளிக்கூடம், வயல், வலை. தீவில் இப்படிப் பல குடியிருப்புகள். 1934ல் சிகரெட் கம்பெனி வாரிசு ஆர்.ஜே. ரெய்னால்ட்ஸ் தீவின் பெரும்பகுதியை வாங்கினார். தீவு முழுக்கச் சிதறியிருந்த கறுப்பர்களை ஒரே மூலையில் ஒதுக்குவது அவருக்கு வசதியாகப்பட்டது. நிலமாற்று என்று சொல்லி ஹாக் ஹம்மக் என்ற இடத்துக்குத் தள்ளினார். வேலை கொடுப்பவனும் அவன், படகு வைத்திருப்பவனும் அவன், மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்? 1960களின் நடுவில் ரக்கூன் பிளஃப் காலியானது. அப்படி ஊர் மாற்றப்பட்ட குடும்பத்தில் பிறந்த கார்னீலியா வாக்கர் பெய்லி 2000ல் தன் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். பிலாலியின் வம்சம்.

ரெய்னால்ட்ஸ் இறந்த பிறகு தீவின் பெரும்பகுதி மாநில அரசுக்குப் போனது. இயற்கைப் பாதுகாப்புப் பகுதி, பல்கலைக்கழக ஆய்வு நிலையம். உப்புச் சதுப்பு வெறும் சேறு இல்லை, இறாலும் நண்டும் மீனும் வளர்கிற தொட்டில் என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வுகளில் முக்கியமானவை இங்கே நடந்தன. நல்ல வேலை, மதிக்கிறேன். அந்தத் தொட்டிலில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். இயற்கைப் பாதுகாப்பு என்ற பேரில் எது நடந்தாலும் நாம் கைதட்ட வேண்டியதில்லை. மேலே சொன்ன ஹாரிஸ் நெக்கை 1942ல் ராணுவ விமானத் தளத்துக்கு என்று எடுத்தார்கள். கறுப்பினக் குடும்பங்களைச் சில வாரத்தில் காலி செய்ய வைத்தார்கள். போர் முடிந்தது. நிலம் திரும்பவில்லை. 1962ல் அது வனவிலங்குச் சரணாலயமானது. கொக்குக்கு இடம் உண்டு, ஒப்பாரி பாடியவளுக்கு இல்லை.

வடக்கே ஹில்ட்டன் ஹெட் தீவின் கதை இன்னும் கேவலம். 1862ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, விடுதலை பெற்றவர்கள் மிட்செல்வில் என்ற ஊரை அங்கே அமைத்தார்கள். தாங்களே தேர்தல் வைத்து, பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி விதித்த ஊர். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது குற்றமாக இருந்த மாநிலத்தில்! 1956ல் தீவுக்குப் பாலம் வந்தது. பாலத்தில் கோல்ஃப் மைதானம் வந்தது, மதில் வைத்த குடியிருப்பு வந்தது. அந்தக் குடியிருப்புகளுக்கு வைத்த பெயரைக் கேளுங்கள், 'பிளான்டேஷன்'. அடிமைப் பண்ணை. நம்ம ஊரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு 'பண்ணையாள் காலனி' என்று பெயர் வைத்து, அதில் பண்ணையாரே குடியேறினால் எப்படி இருக்கும்? சில கல்லா குடும்பங்களின் இடுகாடுகள் மதிலுக்குள் மாட்டிக்கொண்டன. அப்பன் குழிக்குப் பூ வைக்கக் காவலாளியிடம் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூடை முடையும் புல்லும் மதிலுக்குள்ளே.

இதெல்லாம் துப்பாக்கி காட்டிப் பறித்தது இல்லை. காகிதத்தால் பறித்தது. அந்த மக்கள் பெரும்பாலும் உயில் எழுதவில்லை. வெள்ளையன் கோர்ட்டுக்குப் போய் எழுதுவானேன் என்ற பயம், வக்கீலுக்குக் காசில்லை. தாத்தா பெயரில் இருந்த நிலம் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று நூறு பேருக்குப் பிரிக்காத பங்காகிப் போனது. சிகாகோவில் இருக்கிற ஒரு பங்காளி, தீவையே பார்க்காதவன், தன் பங்கை ஒரு கம்பெனிக்கு விற்கிறான். கம்பெனி மறுநாள் கோர்ட்டில் பாகப்பிரிவினை கேட்கிறது. பிரிக்க முடியாது, மொத்தத்தையும் ஏலம் விடு என்கிறது கோர்ட். ஏலத்தில் எடுப்பது அதே கம்பெனி. என் மேசைக்கு எதிரேயும் "தாத்தா பேர்லதான் சார் இருக்கு" என்று மஞ்சள் பையோடு வருகிறார்கள். வாரிசுச் சான்று, வில்லங்கம், தாய்ப்பத்திரம் என்று பட்டியல் சொல்லி அனுப்ப வேண்டியதுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிற விதி. பத்திரம் சுத்தமாக இல்லாதவனுக்குக் கடன் இல்லை. வீடு ஒழுகும். ஒழுகுகிற வீட்டை விற்றுவிடு என்று சொல்ல ஆள் வரும். இந்த ஏலத்துக்குக் கடிவாளம் போடும் சட்டத்தை ஜார்ஜியா 2012லும் தெற்குக் கரோலினா 2016லும் கொண்டுவந்தன. கரோலினாச் சட்டத்துக்கு, 2015ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் நிறவெறியனால் சுட்டுக் கொல்லப்பட்ட செனட்டர் கிளெமென்டா பிங்க்னியின் பெயர்.

ஏலம் போனால் வரி. 2012ல் ஹாக் ஹம்மக்கில் வெளியாட்கள் பெரிய விலைக்கு மனை வாங்கத் தொடங்க, அந்த விலையை வைத்துப் பக்கத்து மனைகளுக்கும் மதிப்புப் போட்டார்கள். நூறுகளில் இருந்த சொத்து வரி சிலருக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆனது. தீவில் பள்ளிக்கூடம் இல்லை, மருத்துவமனை இல்லை, கரைக்குப் போக அரசுப் படகுதான். எதற்கு வரி? 2023 செப்டம்பரில் கவுண்ட்டி ஆணையர்கள் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் விதியை மாற்றினார்கள். வீட்டின் உச்சவரம்பு 1,400 சதுர அடியிலிருந்து 3,000 சதுர அடி. நில மதிப்பு ஏறி பூர்வீக மக்கள் வெளியேறும்படி ஆகக்கூடாது என்று பழைய விதியில் இருந்த வாசகத்தையும் எடுத்துவிட்டார்கள். எண்ணை மாற்றியதைவிட அந்த வாசகத்தை எடுத்ததுதான் எனக்கு அவர்கள் மனசைக் காட்டியது. மக்கள் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்பு கேட்டார்கள். 2024ல் வாக்குப்பதிவு தொடங்கிய பிறகு நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதை எதிர்த்துப் போய் வாங்கியதுதான் நான் முதலில் சொன்ன தீர்ப்பு.

நடுவில் 2024 அக்டோபர் 19. வருசா வருசம் நடக்கிற பண்பாட்டு நாள். ஏராளமான பேர் தீவுக்கு வந்திருந்தார்கள். திரும்பும்போது படகுத்துறையின் நடைபாலம் முறிந்து ஏழு பேர் இறந்தார்கள். எல்லோரும் எழுபது வயது தாண்டியவர்கள். அந்தத் துறை, ஊனமுற்றவர்களும் முதியவர்களும் ஏறி இறங்கத் தகுதியாக இல்லை என்று தீவு மக்கள் வழக்குப் போட்டு, அரசு ஒத்துக்கொண்டு, 2021ல்தான் புதிதாகக் கட்டப்பட்டது. மூன்று வருசம் தாங்கவில்லை.

எல்லா இடத்திலும் தோற்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செயின்ட் ஹெலினா தீவில் 1862ல் விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கிய பென் பள்ளி இன்று பண்பாட்டு மையமாக நிற்கிறது. 1960களில் மார்ட்டின் லூதர் கிங் தோழர்களோடு அங்கே வந்து தங்கிப் பேசியிருக்கிறார். அந்தத் தீவில் கோல்ஃப் மைதானமும் மதில் குடியிருப்பும் கூடாது என்று 1999லேயே கவுண்ட்டி விதி எழுதியது. 2023ல் ஒரு நிலக் கம்பெனி அந்த விதியை உடைக்கப் பார்த்தது. மக்கள் திரண்டார்கள், விதி நின்றது. ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருந்த தீவில் மக்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது.

கார்னீலியா பெய்லி 2017ல் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் கவனம் ஒரு பயறில் இருந்தது. அடிமைகளோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சின்னச் சிவப்புக் காராமணி. வீட்டுக் கொல்லைகளில் விதை விட்டுப்போகாமல் வைத்திருந்தார்கள். அதை வயலில் போட்டு வெளியூர்ச் சமையல்காரர்களுக்கு விற்றால் நிலத்தைக் கைவிடாமல் வைத்திருக்கக் காசு கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். அவருடைய மகன் அதைத் தொடர்கிறார், கூடவே தீவின் பழைய கரும்பு ஒன்றையும் மீட்டு நட்டிருக்கிறார். ஹாக் ஹம்மக்கில் இப்போது முப்பதிலிருந்து ஐம்பது பேர்தான் இருக்கிறார்கள். பயறு பறிக்க ஆள் போதாமல் கரையிலிருந்து படகேறி வருகிறார்கள்.